மூடும்வரை காத்திரு

மெக்கானிக் தன் வலது கையைத் தூக்கி மேஜையின் நடுவில் வைத்தார். கட்டுப் போட்ட கை. நடுவிரலும் மோதிர விரலும் இருக்கவேண்டிய இடத்தில் கட்டு குட்டையாக முடிந்துபோயிருந்தது. லேப்டாப்புகள், தண்ணீர் பாட்டில்கள், யாரோ வாங்கிவைத்து யாரும் தொடாத பிஸ்கெட் தட்டு, இவற்றுக்கு நடுவில் அந்தக் கை அது பாட்டுக்குக் கிடந்தது. பேசியவர்கள் எல்லாரும் அதைப் பார்க்காமல் பேசப் படாத பாடு பட்டார்கள். புதுக் கட்டடம் ஒன்றில் லிஃப்டைப் பொருத்தி முடித்து, கதவு சரியாக மூடுகிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். கதவு கடைசி ஒரு கையகலம் மூடாமல் இருக்கும்போதே பெட்டி மேலே கிளம்பிவிட்டது. கையை இழுத்துக்கொள்ள அவருக்கு அவகாசம் கிடைக்கவில்லை.

"அந்தக் கதவுக்கு கோட் எழுதினது யாரு?" என்று கேட்டார். சத்தம் போட்டிருந்தால் சமாதானம் சொல்லியிருக்கலாம். அவர் முகவரி விசாரிப்பவர்போலக் கேட்டார்.

மேலாளர் தன் திரையை அவர் பக்கம் திருப்பினார். எந்தப் பகுதியில் பிழை நடந்தது, அந்தப் பகுதியை எழுதியவர் யார் என்று அதில் இருந்தது. கதவுப் பகுதி. மேஜையோரம் உட்கார்ந்திருந்த இளம் எஞ்சினியர் பெண்ணின் பெயர். அறையிலிருந்த தலைகள் எல்லாம் அவள் பக்கம் திரும்பின. அவள் மட்டும் எதிரே உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டிருந்தார், ஊரில் உள்ள தூசியெல்லாம் அன்றைக்கு அந்தக் கண்ணாடியில்தான் வந்து உட்கார்ந்துவிட்டதுபோல. அவள் அக்காவின் புருஷன் அவர். வீட்டில் அத்தான், ஆபீசில் சார்.

"நான்தான் எழுதினேன். ஆனா நான் எழுதினது அங்க ஓடல," என்றாள்.

மெக்கானிக் கொஞ்சம் யோசித்தார். "எழுதினது நீங்கன்னா, ஓடினது யாரோடது?"

அந்த அறையில் இருந்த பாதிப் பேருக்கு அதற்குப் பதில் தெரியும். விசாரணை நடந்துகொண்டிருக்கிறது, வைத்தியத்தைக் கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்று மேலாளர் பூசி மெழுகி அவரை அனுப்பிவைத்தார். வாசலில் நின்று மெக்கானிக் அவளை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அப்படி ஒரு பார்வையை அவள் அதுவரை யாரிடமும் வாங்கியதில்லை.

விஷயம் இதுதான். லிஃப்டை ஓட்டும் சின்னக் கம்ப்யூட்டருக்குள், எல்லாவற்றுக்கும் அடியில் கர்னல் என்று ஒன்று இருக்கிறது. மோட்டாரும் கதவும் பொத்தானும் அது சொன்னபடிதான் கேட்கும். அதை எழுதுவதுதான் இந்தக் கம்பெனியின் பிழைப்பு. கர்னலின் மையப் பகுதி பல வருஷங்களாக அத்தானின் ராஜ்ஜியம். அதில் எல்லாருடைய கோப்புகளும் சேர்த்துக்கொள்ளும் பொதுக் கோப்பு ஒன்று உண்டு. அதன் தலைமாட்டில் அவர் எப்போதோ எழுதிவைத்த ஒரு வரி, ஒரு மேக்ரோ. பெயர் மாற்றும் மேக்ரோ. யார் எங்கே 'மூடும்வரை காத்திரு' என்று எழுதினாலும், அது மெஷினுக்குப் போவதற்கு முன்பே அதை எடுத்துவிட்டு 'கொஞ்சம் காத்திரு' என்பதை அங்கே வைத்துவிடும். எழுதியவர் கண்ணுக்கு எழுதியது எழுதியபடியே தெரியும். மருந்துக்கடையில் நீங்கள் ஒரு மருந்தைக் கேட்க, நடுவில் நிற்கும் ஆள் வேறொன்றை அதே உறையில் போட்டுக் கொடுக்கிற மாதிரி.

அதை அவர் கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை. அவர்மேல் இருந்த கோபத்திலும் அவள் அதை ஒப்புக்கொண்டாள். பழைய கதவுகளில் இரும்புக் கொக்கி இருந்தது. கதவு முழுக்க மூடாமல் கோட் என்ன சொன்னாலும் பெட்டி நகராது. அப்போது லிஃப்டுகள் ஒவ்வொரு மாடியிலும் நின்று நின்று யோசித்துக் கிளம்பின. வாங்கியவர்கள் வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். அத்தான் ஒரே ஒரு வரியில் அத்தனை லிஃப்டையும் சுறுசுறுப்பாக்கினார். அவரைத் தலைமேல் தூக்கிவைத்து ஆடினார்கள். கேடயத்தோடு அவர் சிரிக்கும் படம் வரவேற்பறைச் சுவரில் இன்னும் தொங்குகிறது. இப்போது வரும் கதவுகளில் கொக்கி கிடையாது. வரி மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

பெயர் மாற்றுவதில் அவருக்கு அப்படி ஒரு ருசி. கோட் வரிகளுக்கு மட்டுமில்லை, மனிதர்களுக்கும் வைப்பார், வைத்தால் ஒட்டிக்கொள்ளும். மேலாளர் தபால்பெட்டி. எதைப் போட்டாலும் வாங்கிக்கொள்வார், எதையும் படிக்கமாட்டார் என்பது பொருள். அவளுக்குப் பக்கத்துச் சீட்டுக்காரன் ஒரு கூட்டத்தில் ஒரே ஒரு கொட்டாவி விட்டான். அன்றிலிருந்து அவன் தூக்கம். ஆபீசிலேயே அதிகம் உழைப்பவன் அவன்தான், ஆனால் ஆயுசுக்கும் தூக்கம். அவளுக்கு வைத்த பெயர் சிபாரிசு. பரீட்சையும் மூன்று நேர்முகமும் தாண்டித்தான் அவள் உள்ளே வந்தாள். அத்தான் செய்ததெல்லாம் அவளுடைய விண்ணப்பத்தை இன்னொருவருக்கு அனுப்பிவைத்தது மட்டும். அந்தப் பெயரைக் கேட்டுச் சிரித்துச் சிரித்து அவளுக்குக் கன்னம் வலித்த காலம் ஒன்று இருந்தது.

அவள் முதலில் தபால்பெட்டியிடம்தான் போனாள். அந்த ஒரு வரியை அழித்தால் போதும் என்று படம் போட்டு விளக்கினாள். அவர் பொறுமையாகக் கேட்டார். கோப்பு அவருடையது, அவர் சரி என்றால் நான் குறுக்கே நிற்கப்போகிறேனா என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "குடும்ப விஷயத்த வீட்டுலயே பேசி முடிச்சுக்கக் கூடாதாம்மா?" என்றார். ஒரு மனிதனின் இரண்டு விரல் குடும்ப விஷயம் ஆன கதையைக் கேட்டுக்கொண்டு அவள் எழுந்து வந்தாள்.

வரியை அழிக்கும் உரிமைதான் அவளுக்கு இல்லை, விதி எழுதும் உரிமை இருந்தது. பெயர் மாற்றும் மேக்ரோக்கள் பழைய கதவுகளுக்கான கோப்புறைக்குள் எப்படி வேண்டுமானாலும் இருந்துவிட்டுப் போகட்டும், அதைத் தாண்டி வெளியே காலெடுத்து வைக்கக் கூடாது. வைத்தால், எல்லாக் கோப்பையும் சேர்த்துக் கர்னலாக்கும் பில்டு அங்கேயே நின்றுவிடும், சிவப்பில் ஒரு வரி வரும், கர்னல் உருவாகாது. அதைக் கண்டுபிடிக்கும் சின்னச் சோதனை ஒன்றையும் சேர்த்து எழுதினாள். அது ஏற்கப்பட இரண்டு பேர் 'சரி' போடவேண்டும். ஒருவர் யாராவது, இன்னொருவர் அந்தப் பகுதியின் பொறுப்பாளரான அத்தான். தூக்கம் அன்றைக்கே சரி போட்டான், அவள் முகத்தைப் பார்க்காமல். இரண்டாவது சரி கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தது. பல நாள் கழித்து அத்தான் அதன் கீழே எழுதினார்: "தேவை விளக்கப்படவில்லை." அவள் எழுதினாள்: "ஒருவருக்கு விரல் போயிருக்கிறது." அவர் எழுதினார்: "இது தொழில்நுட்பக் காரணம் அல்ல."

அந்தப் பதிலைப் படித்தபோது அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆபீஸ் முழுவதும் அதைப் படித்தது. மறுநாள் காப்பி மெஷின் அருகில் பேச்சு அவளைக் கண்டதும் நின்றது, அவள் போனதும் தொடர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை அக்கா சாப்பிடக் கூப்பிட்டாள். போகாமல் இருந்தால் அதற்கும் ஒரு அர்த்தம் கற்பிப்பார்கள் என்று போனாள். அத்தான் வீட்டுக் குழாய் ஒழுகுவதிலிருந்து எதிர்வீட்டு நாய் வரைக்கும் எல்லாவற்றையும் பேசினார், எல்லாம் அக்காவிடம். ஒரே மேஜையில், கை எட்டும் தூரத்தில் உட்கார்ந்துகொண்டு, "அவளுக்குத் தண்ணி வேணுமான்னு கேளு" என்றார். அவளும் சளைக்கவில்லை. "வேணாம்னு சொல்லுக்கா," என்றாள். அக்கா இருவருக்கும் நடுவில் தண்ணீர்க் கூஜாவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

சமையலறையில் பாத்திரம் தேய்த்தபடி அக்கா மெதுவாக ஆரம்பித்தாள். "ஒரே ஒரு வரிதான்னு சொல்றாரு. ஒரு வரிக்காகவாடி இவ்வளவும்?"

"ஒரே வரிதானே, அவரே அழிச்சுடலாமே அக்கா."

அக்கா தேய்ப்பதை நிறுத்தவில்லை. "அழிச்சா அந்த ஆளு விரலு இவரு தலையில வந்து விழும். உனக்கு வயசு இருக்கு, இன்னொரு எடம் கெடைக்கும். இவரை இந்த வயசுல யாரு கூப்பிடுவா? நீ கொஞ்சம் தாங்கிக்க. எனக்காக."

அக்கா ஒன்றும் புரியாமல் கேட்டிருந்தால் அவள் உட்கார்ந்து விளக்கியிருப்பாள். அக்காவுக்கு எல்லாம் புரிந்திருந்தது. புரிந்துகொண்டுதான், தங்கை கையிலிருந்து தட்டை வாங்கித் துடைத்து அடுக்குகிற சாவதானத்தோடு, பழியை நீ வைத்துக்கொள் என்று கேட்டாள். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. சின்ன வயதில் ஒரே போர்வைக்குள் காலோடு கால் பின்னிக்கொண்டு தூங்கியவர்கள் இருவரும். அவள் கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பினாள். வாசலில் செருப்பு மாட்டும்போது உள்ளே அத்தான் டிவியின் சத்தத்தைக் கூட்டுவது கேட்டது.

அந்த வாரமே அத்தான் சரி போட்டுவிட்டார்.

காரணம் எதுவும் எழுதவில்லை. வெறும் சரி. தபால்பெட்டி எல்லாருக்கும் மடல் அனுப்பினார், பெயர்மாற்றக் கட்டுப்பாடு நடைமுறைக்கு வந்தது, பிழை இனி நிகழாது, பங்களித்தவருக்குப் பாராட்டுகள் என்று. யார் யாரோ வந்து கை கொடுத்தார்கள். செய்தி அக்காவுக்கும் போய்ச் சேர்ந்தது. நல்லவேளை, எல்லாம் சரியாகிவிட்டது என்று போனில் அழுதாள். புது கர்னலின் பில்டு ஆரம்பம் முதல் முடிவு வரைக்கும் ஒரு சிவப்பு இல்லாமல் பச்சையாக ஓடி முடிந்தது. அவளுக்கு அந்தப் பச்சைதான் உறுத்தியது. அத்தானின் வரி பொதுக் கோப்பிலேயே இருக்கிறது. விதி வேலை செய்தால் முதலில் அதன்மேல்தானே பாய்ந்திருக்கவேண்டும்?

புது கர்னலின் வெளியீட்டுக்கு முந்தின நாள் மத்தியானம், வேண்டுமென்றே கண்ணை உறுத்துகிற மாதிரி ஒரு பெயர்மாற்றத்தைத் தன் கோப்பில் எழுதி ஓட்டிப் பார்த்தாள். பச்சை. இன்னும் மோசமாக ஒன்று எழுதினாள். அதுவும் பச்சை. பிறகு அத்தானின் பொதுக் கோப்பைத் திறந்தாள். பழைய வரிக்கு நேர் கீழே புதிதாக ஒரு வரி இருந்தது. அதுவும் பெயர் மாற்றும் மேக்ரோதான். அவள் எழுதிய சோதனையின் பெயரை யார் கூப்பிட்டாலும், அதற்குப் பதிலாக ஒன்றுமே செய்யாத ஒரு வெற்று வேலையைக் கொண்டுவந்து வைக்கும் வரி. அவளுடைய விதி ஒரு எழுத்துக்கூடக் குறையாமல் அப்படியே இருந்தது. கூப்பிட்டால் வராது, அவ்வளவுதான்.

அத்தான் அவர் அறையில் டிபன் டப்பாவை மூடிக்கொண்டிருந்தார். அக்கா கட்டிக் கொடுத்த டப்பா. அவள் கதவைச் சாத்திவிட்டு நின்றாள். அவர் என்ன என்றுகூடக் கேட்கவில்லை.

"உன் கோட்ல ஒரு எழுத்து தொட்டிருக்கேனா?" என்றார். "நீ எழுதினது நீ எழுதினபடியே இருக்கு. எல்லாரும் பாராட்டியாச்சு. இன்னும் என்ன வேணும் உனக்கு?"

"அது ஒண்ணும் பண்ணாது, சார்."

"நானும் அதைத்தான் சொல்றேன். ஒண்ணும் ஆகாது. அந்த ஆளு கைய உள்ள விட்டது அவன் கவனக்குறைவு. அதுக்கு என் பேரைக் கொண்டுபோய்த் தெருவுல வைக்கணுமா? நான் அன்னிக்கு ஒரு வார்த்த சொல்லலைன்னா நீ இந்தக் கட்டடத்துக்குள்ள காலே வெச்சிருக்கமாட்டே."

அவள் கதவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். "நாளைக்குக் காலைல நீங்களும் நானும் ஒண்ணா லிஃப்ட்ல ஏறணும். ஞாபகம் இருக்கட்டும், சார்," என்றாள். டப்பாவின் மூடியை அழுத்திக்கொண்டிருந்த அவர் விரல்கள் ஒரு கணம் நின்றன.

அது அந்தக் கம்பெனியின் பழைய வழக்கம். எந்தப் புது கர்னலும் ஊருக்குப் போகும் முன்பு கம்பெனியின் சொந்த லிஃப்டில்தான் முதலில் ஓடும். எழுதியவரும் பொறுப்பாளரும் முதல் ஆளாக ஏறி மேல்மாடி வரைக்கும் போவார்கள், மற்றவர்கள் கீழே நின்று கை தட்டுவார்கள். இந்தத் தடவை கதவும் புதிது, கொக்கி இல்லாதது. அவள் தபால்பெட்டியிடம் மறுபடி போனாள். எல்லாம் பச்சையாக இருக்கிறதே, பழைய மனஸ்தாபத்தை இன்னும் கிளறவேண்டுமா என்றார். தூக்கத்திடம் அந்த வரியைக் காட்டினாள். அவன் படித்தான், முகம் வெளுத்தது, தனக்கு வீட்டுக் கடன் இருக்கிறது என்று சொல்லிவிட்டுத் தன் திரைக்குத் திரும்பிக்கொண்டான். ஆக அவள் கையில் மிச்சம் இருந்தது ஒன்றுதான். காலையில் எல்லார் முன்னாலும் ஏறமாட்டேன் என்று நிற்பது. ஏன் என்று கேட்பார்கள். அத்தான் பக்கத்தில் நிற்பார். அவர் வாயால் சொல்லட்டும், இல்லையென்றால் அவர் மட்டும் ஏறிக் காட்டட்டும்.

காலையில் கீழ்த்தளத்தில் கூட்டம் கூடியிருந்தது. சுவரோரம் லிஃப்டின் இணைப்புப் பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு அந்த மெக்கானிக் நின்றிருந்தார். கட்டு போய், இப்போது தோல் கையுறை; இரண்டு விரல் பை காலியாக மடங்கியிருந்தது. இடது கையாலேயே இணைப்புகளைச் செருகி முடித்துத் தலையசைத்தார். லிஃப்டின் கதவு திறந்து உள்ளே விளக்கு எரிந்தது. தபால்பெட்டி கையைத் தேய்த்துக்கொண்டு, வாங்க சார், வாங்கம்மா என்றார்.

அத்தான் ஏற்கனவே மாடிப்படியில் இருந்தார். மூன்றாவது படியில். "நீங்க போங்க. டாக்டர் என்னைப் படியேறச் சொல்லியிருக்காரு," என்று கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தார். கூட்டமும் சிரித்தது. அவள் வாயைத் திறந்தாள். இதற்காகத்தான் இரவெல்லாம் சொற்களை அடுக்கிவைத்திருந்தாள்.

அப்போதுதான் அக்கா வந்தாள். கையில் பெரிய கேக் பெட்டி, நல்ல சேலை, வேர்வையில் நெற்றியில் ஒட்டிய முடி. சமாதானம் ஆகிவிட்டதைக் கொண்டாடச் சொல்லாமல் கொள்ளாமல் வந்திருந்தாள். யாரோ அவளைத் தெரிந்தவர் வழிவிட, இந்தச் சந்தோஷத்துக்கெல்லாம் தானும் ஒரு காரணம் என்ற முகத்தோடு நேராகப் போய் லிஃப்டுக்குள் ஏறிக்கொண்டாள்.

"நானும் வரேன். மேல போய் வெட்டிக்கலாம்," என்றவள் வெளியே எட்டிப் பார்த்தாள். "அவர் ஏன் படியில நிக்கறாரு?"

டாக்டர் சொன்னாராம் என்று யாரோ சொன்னார்கள்.

"எந்த டாக்டர்?" என்றாள் அக்கா.

அத்தானின் முகத்தில் ஈயாடவில்லை. அவர் மனைவியைப் பார்த்தார், அவள் காலடியில் மினுங்கும் புதுத் தரையைப் பார்த்தார். கதவு அசைந்து மூட ஆரம்பித்தது. தங்கை யோசிக்கவில்லை. ஓடிப்போய்க் கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவில் நின்றாள். கதவு வந்து தோளில் இடித்தது, பின்வாங்கித் திறந்தது. பாதி வழியில் எதிலாவது பட்டால் திறந்துவிடும், அது ஒழுங்காகத்தான் இருந்தது. கோளாறு கடைசி ஒரு கையகலத்தில். அந்தக் கையகலம் வராதபடி அவள் உடம்பு நின்றது.

"என்னடி இது, இறங்கு இல்ல ஏறு," என்றாள் அக்கா. கேக் பெட்டி அவள் கையில் ஒரு பக்கம் சாய்ந்தது.

இறங்கிவிடு அக்கா, இது சரியில்லை என்று சொல்ல ஒரு மூச்சு போதும். ஆனால் அவள் சொன்னால் அது குடும்பச் சண்டை. அவர் சொன்னால்தான் அது பிழை. அவள் அக்காவைப் பார்க்காமல் படிப்பக்கம் திரும்பினாள்.

"அக்கா உள்ள இருக்கா," என்றாள். "நான் நகரட்டுமா? சொல்லுங்க அத்தான்."

அந்தக் கட்டடத்தில் அவள் அவரை அப்படிக் கூப்பிட்டு யாரும் கேட்டதில்லை. தபால்பெட்டி தேய்த்துக்கொண்டிருந்த கையை நிறுத்தினார். தூக்கம் தரையைப் பார்த்தான். கதவு மறுபடி வந்து தோளில் இடித்துப் பின்வாங்கியது. மெக்கானிக் இணைப்புப் பெட்டியின் அருகிலிருந்து நகர்ந்து வந்தார். காலியான விரல் பைகளை மற்ற கையால் பிடித்துக்கொண்டு, இந்தத் தடவை அவளைப் பார்க்காமல், படியில் நின்றவரையே பார்த்தார்.

அக்காவும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்திலிருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கலைந்தது. "என்னங்க?" என்றாள், வீட்டில் கேட்கிற குரலில்.

அத்தான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒரு படி இறங்கினார். அடுத்த படிக்கு நீட்டிய கால் அந்தரத்தில் நின்றது. கதவு மறுபடி வந்து அவள் தோளில் இடித்தது, திறந்தது, மறுபடி வந்தது.